எழுதத் தெரிகிறது, வாய்தான் திறக்க மாட்டேன் என்கிறார்கள்

கேள்வி:

வணக்கம் மேடம். அம்பாசமுத்திரம் பக்கத்தில் ஓர் அரசு உதவி பெறும் பள்ளியில் எட்டாம், ஒன்பதாம் வகுப்புகளுக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். வேலைக்கு வந்து நான்கு வருடம் ஆகிறது. ஒன்பதாம் வகுப்பில் 38 பிள்ளைகள், எல்லாரும் தமிழ் வழி. பாதிப் பேர் வீட்டில் அம்மா பீடி சுற்றுகிறார். மற்றவர்கள் வீட்டில் வயல் வேலை, கொத்தனார் வேலை; சிலருக்கு அப்பா வளைகுடாவில். மனப்பாடப் பாட்டைக் கடகடவென்று ஒப்பிக்கிறார்கள், கட்டுரை எழுதுகிறார்கள். "காலையில் என்ன சாப்பிட்டாய்?" என்று ஆங்கிலத்தில் கேட்டால் மட்டும் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். ஒரு பெண்பிள்ளை, எழுத்துத் தேர்வில் எப்போதும் முதல் மதிப்பெண். எழுப்பிவிட்டால் அழுதே விடுகிறாள். ஆங்கிலப் பீரியடில் தமிழ் பேசினால் ஒரு ரூபாய் அபராதம் என்று எச்.எம். போட்டுவிட்டார். அதற்கப்புறம் வகுப்பு இன்னும் அமைதியாகிவிட்டது. போர்ஷன் முடிக்கவே நேரம் போதவில்லை. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: நானும் தமிழ் வழியில் படித்தவள்தான். சி.இ.ஓ. (முதன்மைக் கல்வி அலுவலர்) விசிட் வந்தால் எனக்கே நாக்கு ஒட்டிக்கொள்கிறது. என்னிடமே இல்லாத தைரியத்தைப் பிள்ளைகளுக்கு எப்படிக் கொடுப்பது?

பெயர் வெளியிட விரும்பாத ஆசிரியை

பதில்:

டீச்சர், உங்கள் கடிதத்தின் கடைசி வரியை இரண்டு தரம் படித்தேன். அதற்குக் கடைசியில் வருகிறேன். முதலில் அந்த ஒரு ரூபாயைப் பார்ப்போம், ஏனென்றால் அது நாளைக்கே சரிசெய்யக்கூடியது.

நான் படித்த பள்ளியில் அபராதம் இல்லை, பலகை இருந்தது. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மரப்பலகை, அதில் ஒரு சணல் கயிறு. தமிழ் பேசி மாட்டிக்கொண்டவள் அதைக் கழுத்தில் போட்டுக்கொள்ள வேண்டும். அடுத்து யார் தமிழ் பேசுகிறாளோ அவளைப் பிடித்துக் கொடுத்தால் பலகை கைமாறும். சாயங்கால மணி அடிக்கும்போது யார் கழுத்தில் கிடக்கிறதோ அவள் முழங்கால் போட வேண்டும். அந்த இரண்டு வருடத்தில் நாங்கள் நன்றாகக் கற்றுக்கொண்டது ஒட்டுக்கேட்கவும் சாடையில் பேசவும். இடைவேளையில் எங்களைப் பார்க்கிறவர்கள் ஏதோ கதகளி நடக்கிறது என்று நினைத்திருப்பார்கள்.

உங்கள் வகுப்பிலும் கணக்கு அதேதான். ஆங்கிலத்தில் பேசித் தப்பு விட்டால் சிரிப்பார்கள். தமிழில் பேசினால் ஒரு ரூபாய் போகும். சும்மா இருந்தால் இரண்டும் இல்லை. நானாயிருந்தாலும் சும்மாதான் இருப்பேன். எச்.எம்.மிடம் சண்டைக்குப் போக வேண்டாம். "இந்த ஒரு டெர்முக்கு மட்டும், என் பீரியடில் மட்டும் அபராதத்தை நிறுத்தி வைக்கிறேன் சார். டெர்ம் முடிவில் ஐந்து ஐந்து பிள்ளைகளாக உங்கள் அறைக்கே கூட்டி வருகிறேன், உங்களோடு ஆங்கிலத்தில் பேசுவார்கள்" என்று சொல்லிப் பாருங்கள். கையில் காட்ட ஏதாவது இருக்கும் என்றால் பெரும்பாலான எச்.எம்.கள் சம்மதித்துவிடுவார்கள்.

அப்புறம், தமிழை வகுப்புக்கு உள்ளேயே விடுங்கள். ஆங்கிலத்தில் பேசச் சொல்வதற்கு முன்னால் இரண்டு நிமிடம் பக்கத்தில் இருப்பவரோடு தமிழில் பேசிக்கொள்ளட்டும். என்ன சொல்வது, அதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்று இரண்டையும் ஒரே நேரத்தில் யோசிப்பது தலையில் இரண்டு குடம். முதல் குடத்தைத் தமிழில் இறக்கி வைத்துவிட்டால் இரண்டாவதைச் சுமந்துவிடுவார்கள்.

சரி, பயத்துக்கு வருகிறேன். ஆங்கிலம் தெரியாததால்தான் பிள்ளைகள் பேசவில்லை என்று எல்லாரும் நம்புகிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஒரு பக்கக் கட்டுரை எழுதுகிற பிள்ளைக்கு "ஐ ஏட் இட்லி" என்று மூன்று வார்த்தை தெரியாதா?

என் கதையைச் சொல்கிறேன். எம்.ஏ. படிக்கச் சென்னைக்குப் போனேன். விடுதியில் முதல் நாள் ராத்திரி, சாப்பிடக் கூப்பிட்டார்கள். "நீங்க போங்க, நான் பொறவு வாரேன், அம்மைக்கு லெட்டர் எழுதுதேன்" என்றேன். அவ்வளவுதான். "எழுதுதேன்" ஒரு மாதம் விடுதி முழுக்க ஓடியது. குளியலறை வாசலில் நின்றால் "குளிக்குதேன்" என்று உள்ளேயிருந்து குரல் வரும். என் தமிழில் பிழை ஒன்றும் இல்லை. தாமிரபரணிக் கரையில் அத்தனை பேரும் அப்படித்தான் பேசுகிறோம். ஆனாலும் பெற்ற தாயிடம் கற்ற மொழியிலேயே எனக்கு வாய் அடைத்துப்போனது. "வருகிறேன், எழுதுகிறேன்" என்று பாடப்புத்தகம் மாதிரி பேச ஆரம்பித்தேன், அதற்கும் சிரித்தார்கள்.

என் அறைத்தோழி விஜயவாடாக்காரி. அவளுக்குத் தமிழ் தெரியாது, எனக்குத் தெலுங்கு தெரியாது. நடுவில் இருந்தது இரண்டு பேருடைய ஓட்டை ஆங்கிலம். வாளியை யார் எடுத்தது, விளக்கை அணைக்கட்டுமா, வயிற்றுவலிக்கு மாத்திரை இருக்கிறதா, எல்லாம் அதில்தான். "ஒய் யூ நாட் ஈட்டிங்?" என்பாள் அவள். "மார்னிங் இட்செல்ஃப் ஸ்டமக் பெய்ன்" என்பேன் நான். காலையிலேயே வலி என்பதில் இருக்கிற அந்த 'ஏ'தான் 'இட்செல்ஃப்' ஆகி வந்து நிற்கும். அவள் சிரிக்கவில்லை, மாத்திரை எடுத்துக் கொடுத்தாள். எட்டு மாதத்தில் நான் பேச ஆரம்பித்திருந்தேன், எப்போது என்றே தெரியாமல்.

அவள் எனக்கு ஒன்றும் சொல்லித்தரவில்லை. நான் சொல்வது அவளுக்குத் தேவைப்பட்டது, அவ்வளவுதான். உங்கள் 38 பேருக்கும் கிடைக்காத ஆள் அவள்தான். ஒரு பிள்ளை எழுந்து பேசினால் அதைக் கேட்பவர்கள் யார்? திருத்தக் காத்திருக்கிற டீச்சர் ஒருவர், சிரிக்கக் காத்திருக்கிற 37 பேர். பிள்ளையைச் சரிசெய்வதற்கு முன்னால் கேட்கிறவர்களைச் சரிசெய்தாக வேண்டும் என்பதுதான் என் முப்பது வருட வேலையில் நான் கண்டது.

இதற்கு ஒரு வேடிக்கையான சாட்சி உண்டு. 1972இல் அமெரிக்காவில் குய்ரா என்ற ஆய்வாளரும் அவருடைய கூட்டாளிகளும் கல்லூரி மாணவர்களுக்குக் கொஞ்சம் மதுவைக் கொடுத்து, அவர்கள் அறியாத தாய்லாந்து மொழிச் சொற்களை உச்சரிக்கச் சொன்னார்கள். சிறிதளவு குடித்தவர்களின் உச்சரிப்பு குடிக்காதவர்களுடையதைவிட நன்றாக இருந்தது. அளவு கூடினால் கெட்டது. கூச்சம் கொஞ்சம் தளர்ந்ததும் அதே நாக்கு வேலை செய்திருக்கிறது. இந்தப் பத்தி மட்டும் எச்.எம். கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேட்கிறவர்களை எங்கே தேடுவது? முதல் ஆள் பக்கத்து இருக்கையிலேயே இருக்கிறான். கேள்வியை மொத்த வகுப்புக்கும் போட்டு ஒருவரை எழுப்புவதற்குப் பதிலாக, இரண்டிரண்டு பேராகப் பேசவிடுங்கள். 19 ஜோடி ஒரே நேரத்தில் பேசினால் சத்தம் வரும், பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்ப்பார். பார்க்கட்டும். அந்தச் சத்தத்தில் ஒருவருடைய தப்பு இன்னொருவருக்குக் கேட்காது, அதுதான் நமக்கு வேண்டும். பிறகு ஒருவரிடம் கேட்கும்போது, "நீ என்ன சாப்பிட்டாய்?" என்று கேட்காதீர்கள், "உன் பக்கத்தில் இருப்பவள் என்ன சாப்பிட்டாளாம்?" என்று கேளுங்கள். தன்னைப் பற்றிச் சொல்வதைவிட அடுத்தவரைப் பற்றிச் சொல்வது எல்லாருக்கும் எளிது. நம் ஊர்த் திண்ணைகளைப் பார்த்தாலே தெரியும்.

இரண்டாவது ஆள், உங்கள் வளாகத்திலேயோ பக்கத்திலேயோ தொடக்கப்பள்ளி இருந்தால், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள். வாரத்துக்கு ஒரு நாள் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் போய் அவர்களுக்கு ஆங்கிலத்தில் ஒரு குட்டிக் கதை சொல்லட்டும். படம் காட்டி, கை காட்டி, நடுவில் தமிழும் கலந்து. சின்னதுகளுக்கு இலக்கணம் தெரியாது, அண்ணன் அக்கா சொல்வதெல்லாம் அவர்களுக்கு அதிசயம். வகுப்பில் வாயே திறக்காத ஒரு பையன் அங்கே போய்ப் புலி மாதிரி உறுமுவதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒரு கதையைச் சொல்ல அவன் வீட்டில் ஏழெட்டுத் தடவை சொல்லிப் பார்த்திருந்தான், யாரும் சொல்லாமலே.

மூன்றாவது ஆள் விடுமுறையில் ஊருக்கு வந்திருக்கிற வளைகுடாக்காரர். உங்கள் வகுப்பிலேயே யாருக்காவது மாமாவோ சித்தப்பாவோ வந்திருப்பார். எட்டாம் வகுப்போடு நின்றவராக இருந்தால் இன்னும் நல்லது. மலையாளி, வங்காளி, பிலிப்பைன்ஸ்காரர், எகிப்துக்காரர் என்று பல ஊர்க்காரர்களோடு ஒரே சைட்டில் வேலை பார்த்தவர் அவர். அங்கே போன முதல் மாதம் எப்படிச் சமாளித்தார் என்று அரை மணி நேரம் பேசச் சொல்லுங்கள். நான் அழைத்து வந்த ஒரு அண்ணாச்சி, மேசையைத் தட்டிச் சொன்னார்: "அங்க ஒருத்தனுக்கும் ஒழுங்கா இங்கிலீஷ் வராது பிள்ளைகளா. வந்தவன் வராதவன்னு இல்ல, பேசுதவன் பேசாதவன்னுதான் ரெண்டு சாதி." நான் நடத்திய எந்தப் பயிற்சி வகுப்பும் அந்த அரை மணி நேரத்துக்கு ஈடாகவில்லை.

இனி உங்கள் பங்கு. கேள்வி கேட்டபின் எவ்வளவு நேரம் காத்திருக்கிறீர்கள் என்று நாளைக்கு மனதுக்குள் எண்ணிப் பாருங்கள். மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1970களில் வகுப்பறைகளைப் பதிவுசெய்து பார்த்தபோது, ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று நொடியாக்கியதும் பதில்கள் நீண்டன, "தெரியாது" குறைந்தது, வழக்கமாகப் பேசாதவர்களும் பேசினார்கள். அவர் பார்த்தது தாய்மொழியில் நடந்த அறிவியல் வகுப்புகளை. இரண்டாம் மொழியில் மூன்று போதாது, ஐந்தாறு வரை எண்ணுங்கள். முதல் வாரம் அந்த அமைதி உங்களுக்குத்தான் தாங்காது. சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு எண்ணுங்கள்; பிள்ளையின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றால் அது போலீஸ் விசாரணை ஆகிவிடும். அப்படியே, "எழுந்து நில்" என்பதையும் விட்டுவிடலாம். உட்கார்ந்தபடியே பேசட்டும்.

ஏன் இவ்வளவு நேரம் தேவைப்படுகிறது என்பதில் ஒரு மொழிச் சிக்கல் இருக்கிறது, அதைப் பிள்ளைகளுக்கே விளக்கிவிடுங்கள். "நேற்று, அக்கா கூட, பஸ்ஸில், பாபநாசத்துக்கு, போனேன்." இதை ஆங்கிலத்தில் சொன்னால் "ஐ வென்ட், டு பாபநாசம், பை பஸ், வித் மை சிஸ்டர், யெஸ்டர்டே" என்று வரும். துண்டு துண்டாகப் பாருங்கள், கண்ணாடியில் காட்டியதுபோல அப்படியே தலைகீழ். தமிழில் யோசிக்கிற பிள்ளையின் நாக்கில் முதலில் வந்து நிற்பது 'நேற்று'. ஆங்கிலம் முதலில் கேட்பதோ 'போனேன்'. அந்த இடத்தில்தான் வாய் பூட்டிக்கொள்கிறது. எங்கள் பயிற்சி வகுப்புகளில் செங்கோட்டை பாசஞ்சர் ரயிலை உதாரணம் சொல்வேன். ஆங்கிலத்தில் இன்ஜின் முன்னால் நின்று இழுக்கும், தமிழில் பின்னால் நின்று தள்ளும். அதனால் முதலில் இன்ஜினைக் கிளப்பு: யார், என்ன செய்தார். "ஐ வென்ட்." அப்புறம் பெட்டியை ஒவ்வொன்றாகக் கோர்த்துக்கொள்ளலாம், மூச்சு வாங்கி வாங்கி. ஒரு பிள்ளை இன்ஜின், அடுத்தது ஒரு பெட்டி என்று வரிசையாகச் சொல்ல வைத்தால் ஒன்பதாம் வகுப்புக்கு அது விளையாட்டு. "எனக்குப் பசிக்கிறது", "எனக்குத் தெரியாது", "எனக்குக் காய்ச்சல்" என்று 'எனக்கு' வருகிற வாக்கியங்களை மட்டும் தனியாக எடுத்து, ஆங்கிலத்தில் இவையெல்லாம் 'ஐ' என்று தொடங்கும் என்று ஒரு நாள் காட்டிவிடுங்கள். "டு மீ ஹங்கிரி" பாதி குறைந்துவிடும்.

எதைப் பற்றிப் பேச வைப்பது? "மை ஆம்பிஷன்", "மை நேட்டிவ் பிளேஸ்" வேண்டவே வேண்டாம். அவை மனப்பாடம் செய்வதற்கென்றே பிறந்த தலைப்புகள். ஆண்டுவிழாவில் மைக்கைப் பிடித்து மூன்று நிமிடம் ஆங்கிலத்தில் பொழிகிற பிள்ளையைப் பார்த்து நாம் கை தட்டுகிறோம். கீழே இறங்கியதும் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். பிள்ளைக்குத் தெரிந்ததும் உங்களுக்குத் தெரியாததுமான ஒன்றைப் பற்றிக் கேளுங்கள். உங்களுக்குப் பீடி சுற்றத் தெரியுமா? அந்தப் பிள்ளைகள் நாள்தோறும் பார்க்கிறார்கள். இலையை நனைப்பது, அளவுக்கு வெட்டுவது, தூள் வைப்பது, சுருட்டுவது, நூல் கட்டுவது, முனையை மடக்குவது, கட்டுக்கு எண்ணுவது. சோக், கட், ஃபில், ரோல், டை, ஃபோல்ட், கவுன்ட். ஏழு வினைச்சொல்லில் ஒரு முழுத் தொழில். அம்மா செய்கிற வேலையை டீச்சருக்குச் சொல்லிக்கொடுக்கிற பிள்ளையின் குரல் வேறு மாதிரி இருக்கும். பத்தமடை, காருகுறிச்சிப் பக்கத்துப் பிள்ளைகளாக இருந்தால் கோரைப்பாய் நெய்வதும் மண்பானை வனைவதும் இருக்கிறது. ஆனால் ஒன்று: சில பிள்ளைகளுக்கு வீட்டு வேலையைச் சொல்லக் கூச்சம் இருக்கும். கட்டாயப்படுத்தாதீர்கள். கிரிக்கெட் மட்டை தேர்ந்தெடுப்பது, ஆற்றில் நீச்சல் பழகுவது, எதுவும் ஆகும்.

இந்தப் பேச்சை ஒரே தடவையோடு விட்டுவிடாதீர்கள். நியூசிலாந்தைச் சேர்ந்த மொழிக்கல்வி அறிஞர் பால் நேஷன் பரவலாக்கிய முறை ஒன்று உண்டு. ஒரே விஷயத்தை முதலில் நான்கு நிமிடம் ஒருவரிடம், பிறகு மூன்று நிமிடம் இன்னொருவரிடம், கடைசியாக இரண்டு நிமிடம் மூன்றாவது ஆளிடம் சொல்வது. ஆள் மாறுவதால் திரும்பச் சொல்வது அலுக்காது. நேரம் குறைவதால் தானாக வேகம் பிடிக்கும். நம் ஒன்பதாம் வகுப்புக்கு நான்கு நிமிடம் நடக்காது. 90 நொடி, 60 நொடி, 45 நொடி என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது சுற்றில் தன் வாயிலிருந்து தடங்கலில்லாமல் வருவதைக் கேட்டு அந்தப் பிள்ளையே ஒரு நிமிடம் திகைக்கும். தைரியம் என்று நான் கண்டது அந்த இடத்தில்தான். "பயப்படாதே, பேசு" என்று நாம் சொல்வதால் அது வந்து நான் பார்த்ததில்லை.

நடுவில் வார்த்தை கிடைக்காவிட்டால்? தமிழில் நாம் என்ன செய்கிறோம்? "அது வந்து", "அதாவது", "என்னன்னா" என்று இழுக்கிறோம். ஆங்கிலம் பேசுகிறவர்களுக்கும் அவர்களுடைய இழுவைகள் உண்டு: "வெல்", "ஐ மீன்", "லெட் மீ திங்க்", "ஹவ் டு ஐ சே திஸ்". இதைப் பாடப்புத்தகங்கள் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. ஒரு சார்ட்டில் எழுதிக் கரும்பலகைக்குப் பக்கத்தில் தொங்கவிடுங்கள், மாட்டிக்கொண்டால் பார்த்துச் சொல்லட்டும். சும்மா நிற்பதற்கும் "லெட் மீ திங்க்" என்று சொல்லி நிற்பதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்று பாருங்கள்; இரண்டாவது பேச்சுக்குள் இருப்பது. கூடவே ஒரு விளையாட்டு: சொளகு, அம்மி, அரிவாள்மணை, பனங்கிழங்கு, இப்படி ஆங்கிலப் பெயர் தெரியாத ஒன்றைப் பெயர் சொல்லாமல் ஆங்கிலத்தில் விவரிக்க வேண்டும், மற்றவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். வார்த்தை தெரியாவிட்டாலும் வண்டி நிற்க வேண்டியதில்லை என்பது இரண்டே நாளில் பிடிபட்டுவிடும்.

திருத்துவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்ல ஆசிரியர்கள் கெடுப்பது இங்கேதான். பிள்ளை "யெஸ்டர்டே ஐ கோ டு டெம்பிள்" என்கிறது. நீங்கள் அன்பாக "ஓ, யூ வென்ட் டு தி டெம்பிள்!" என்கிறீர்கள். திருத்திவிட்டதாக உங்களுக்குத் திருப்தி. பிள்ளைக்கோ, டீச்சர் ஆமோதித்துவிட்டார் என்று திருப்தி. கனடாவில் பிரெஞ்சு வழியில் படிக்கிற பிள்ளைகளின் வகுப்புகளை லிஸ்டர், ராண்டா என்ற இருவர் ஆராய்ந்து 1997இல் எழுதினார்கள். ஆசிரியர்கள் செய்த திருத்தங்களில் பாதிக்கு மேல் இந்த வகைதான்; பிள்ளைகள் கவனித்துத் தாங்களே திரும்பச் சொன்னது இதில்தான் மிகக் குறைவு. "யெஸ்டர்டே ஐ..." என்று அந்த இடம் வரை சொல்லி நிறுத்திக் காத்திருந்தால் பிள்ளையே 'வென்ட்' என்று எடுத்துக்கொடுக்கும். ஆனால் அதையும் எப்போதும் செய்யக் கூடாது. பேச்சுக்கென்று ஒதுக்கின பத்து நிமிடத்தில் ஒன்றையும் திருத்தாதீர்கள். ஒரு துண்டுச் சீட்டில் குறித்துக்கொள்ளுங்கள். கடைசி இரண்டு நிமிடத்தில் பொதுவான மூன்று தப்பைப் பெயர் சொல்லாமல் பலகையில் எழுதுங்கள், வகுப்பே திருத்தட்டும்.

உச்சரிப்புக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டாம். லண்டன்காரர் மாதிரி பேச வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. அர்த்தம் மாறுகிற இடங்களை மட்டும் பிடியுங்கள். புத்தகத்தில் ஆங்கில வார்த்தைக்கு மேலே பென்சிலால் தமிழில் எழுதிப் படிக்கிற பழக்கம் உங்கள் வகுப்பிலும் இருக்குமே? அதைத் தடுக்க வேண்டாம், ஊன்றுகோல்தானே. ஆனால் காற்றாடி, வாணலி, தடை என்ற மூன்றுக்கும் அவர்கள் எழுதுவது 'பேன்' என்றுதான், அது தலையில் ஊர்கிறதையும் சேர்த்து நான்கு. குடிக்கிற காபியும் பார்த்து எழுதுகிற காபியும் அப்படியே. 'ஃ' போட்டு எழுதப் பழக்கினால் பாதி தீரும். அப்புறம் வார்த்தை முடிவில் நாம் ஒட்டுகிற 'உ': புக்கு, பஸ்ஸு, பென்னு. கடைசி எழுத்தோடு சட்டென்று நிறுத்து என்று சொன்னாலே போதும், சிரித்துக்கொண்டே செய்வார்கள். வீட்டில் போன் இருக்கிற பிள்ளைகள் குரலில் தட்டச்சு செய்கிற வசதியைத் திறந்து ஒரு வாக்கியம் சொல்லி, அது என்ன எழுதுகிறது என்று பார்க்கலாம். போன் சிரிக்காது. சில சமயம் நம் பேச்சு அதற்குப் புரியாது, அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்றும் சொல்லிவையுங்கள்.

நம் பாளையங்கோட்டைக்குத் 'தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு' என்று பெயர். அங்கிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கிற உங்கள் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் இன்னும் காகிதத்தில்தான் இருக்கிறது. பாதிரியார் கால்டுவெல்லை நினைத்துக்கொள்கிறேன். 1838இல் சென்னைக்கு வந்து தமிழ் கற்றவர், 1841இல் நம் திருநெல்வேலிச் சீமையின் இடையன்குடிக்குப் பெரும்பாலும் நடந்தே வந்தார், வழியில் ஜனங்களையும் அவர்கள் பேச்சையும் அறிந்துகொள்வதற்காக. திராவிட மொழிகளைப் பற்றிய அவருடைய ஒப்பிலக்கண நூல் வெளிவந்தது 1856இல். முதலில் தெரு, பதினைந்து வருடம் கழித்து இலக்கணம். நம் பிள்ளைகளுக்கு ஒன்பது வருடமாக இலக்கணம். தெருவுக்கு இன்னும் இறங்கவே இல்லை.

போர்ஷன் பற்றிக் கேட்டீர்கள். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் ஆங்கிலத்தின் 100 மதிப்பெண்ணும் எழுத்துக்குத்தான், பேச்சுக்கு ஒன்றும் இல்லை. அதனால் உங்களை யாரும் இதற்காகப் பாராட்டப் போவதில்லை என்பதைத் தெரிந்தே இறங்குங்கள். வாரத்துக்கு மூன்று நாள், பீரியடின் முதல் பத்து நிமிடம். அதற்கு மேல் வேண்டாம். பாடத்தில் வருகிற கதையையே மூன்று சுற்றுப் பேச்சுக்கு எடுத்துக்கொண்டால் போர்ஷனும் கூடவே நகரும்.

அந்தப் பெண்பிள்ளை. முதலில் ஒன்றைக் கவனியுங்கள்: தமிழ் வகுப்பில் எழுப்பினால் பேசுகிறாளா? இடைவேளையில் தோழிகளோடு சிரித்துப் பேசுகிறாளா? தமிழிலும் இப்படித்தான் என்றால் விஷயம் ஆங்கிலம் அல்ல. திக்குவாயை மறைக்கிற பிள்ளைகள் இப்படி இருப்பதுண்டு. காது மந்தமானவர்களும் உண்டு. வீட்டில் ஏதாவது நடந்துகொண்டிருக்கவும் கூடும். தமிழ் ஆசிரியரிடம் கேளுங்கள், அம்மாவிடம் தனியாகப் பேசுங்கள், தேவைப்பட்டால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியில் காது மூக்கு தொண்டைப் பிரிவில் காட்டச் சொல்லுங்கள். தமிழில் கலகலப்பாக இருக்கிறாள் என்றால், அவளுடைய முதல் மதிப்பெண்தான் அவளுக்கு எதிரி. எழுத்தில் ஒரு தப்பும் விடாதவளுக்கு எல்லார் முன்னாலும் ஒரு தப்பு விடுவது பெரிய இழப்பு. கடைசி பெஞ்சுக்காரனுக்கு இழக்க ஒன்றும் இல்லை. ஒரு மாதம் அவளை எழுப்பவே எழுப்பாதீர்கள், அதை அவளிடம் சொல்லியும் விடுங்கள். நோட்டுக் கட்டை ஸ்டாஃப் ரூமுக்குக் கொண்டுவரச் சொல்லி, வராந்தாவில் நடந்தபடியே ஆங்கிலத்தில் ஒன்றிரண்டு கேளுங்கள். அவள் தமிழில் பதில் சொன்னாலும் சரி. மூன்றாம் வகுப்புக்குக் கதை சொல்லப் போகும்போது முதல் குழுவில் அவளைச் சேர்த்துவிடுங்கள், படத்தைப் பிடிக்கிற ஆளாக.

கடைசியாக நீங்கள். தமிழ் வழியில் படித்தது உங்களுக்குக் குறை என்று நினைக்கிறீர்கள். அந்தப் பிள்ளைகள் எங்கே தடுக்குவார்கள் என்பது கான்வென்டில் படித்து வந்தவரைவிட உங்களுக்குத்தான் தெரியும். வகுப்பில் உங்களுக்கு வார்த்தை வராதபோது மறைக்காதீர்கள். "வெல், லெட் மீ திங்க்" என்று நீங்களே சார்ட்டைப் பார்த்துச் சொல்லுங்கள். தப்பு விட்டால் "சாரி, ஐ வென்ட்" என்று சத்தமாகத் திருத்திக்கொண்டு மேலே போங்கள். டீச்சர் தப்பு விட்டும் ஒன்றும் ஆகவில்லை என்பதைப் பிள்ளைகள் கவனித்துக்கொண்டேதான் இருப்பார்கள். வீட்டில் தினமும் ஒரு நிமிடம் போனில் பேசிப் பதிவுசெய்யுங்கள், அன்றைக்கு நடந்த எதையாவது. முதல் வாரம் கேட்டுப் பார்க்கவே வேண்டாம், உங்கள் குரலே உங்களுக்குப் பிடிக்காது. ஒரு மாதம் கழித்து முதல் நாளையும் முப்பதாவது நாளையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள். பக்கத்துப் பள்ளியில் உங்களைப் போலவே பயப்படுகிற ஆசிரியை ஒருவர் நிச்சயம் இருப்பார். பி.ஆர்.சி. (வட்டார வள மையம்) கூட்டத்துக்குப் போகும் பஸ்ஸில் இருவரும் ஆங்கிலத்தில் மட்டும் பேசுவது என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்டக்டர் திரும்பிப் பார்த்தால் பார்த்துவிட்டுப் போகட்டும்.

சி.இ.ஓ. விசிட்டுக்கு நீங்கள் பாடம் நடத்திக் காட்ட வேண்டியதில்லை. அவர் உள்ளே வரும்போது 19 ஜோடியும் பேசிக்கொண்டிருக்கட்டும். "குட் மார்னிங் சார், தே ஆர் டாக்கிங் டு ஈச் அதர், பிளீஸ் ஜாயின் எனி பேர்" என்று ஒரே வாக்கியம். இதை மட்டும் மனப்பாடம் செய்து வைத்துக்கொள்ளுங்கள், தப்பில்லை.